பென்டிரைவில் ஆறு, ஸ்பீக்கரில் இரண்டு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர்க் கோயில் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரம், தவிலை நான்கு மைக் உள்ள கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்திருக்கிறீர்கள். அதை வீட்டில் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஆறு சேனல், அதாவது ஆறு தனி ஒலித்தடம் உள்ள வேவ் ஃபைலாக மாற்றினீர்கள். பென்டிரைவில் போட்டு, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் யுஎஸ்பியில் செருகினால் ஃபைலை எடுக்கவே மாட்டேன் என்கிறது. அதே பென்டிரைவை டிவியில் செருகினால் பாடுகிறது, ஆனால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஆப்டிகல் வயர். 'எந்த ஃபார்மட்டில் சேவ் பண்ணினால் 5.1-இல் கேட்கும்?' என்று முடித்திருக்கிறீர்கள். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், ஆக ஆறு. நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன்: ஆறாகக் கிளம்பியது எந்த இடத்தில் இரண்டாகிப் போகிறது? அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் ஃபார்மட் தானாகத் தெரிந்துவிடும்.

நான் கோடம்பாக்கம் பக்கத்து மிக்ஸிங் கூடங்களில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். தியேட்டரில் எல்லாம் ஒழுங்காகக் கேட்கும். அதையே வீட்டுக்குக் கொண்டுவந்து சொந்த செட்டில் கேட்க நான் பட்ட பாடு தனிக்கதை. உங்கள் ரிசீவர், டிவி இரண்டின் மாடலையும் நீங்கள் எழுதவில்லை. அதனால் கீழே சொல்வதில் சில எந்த மெஷினுக்கும் பொருந்தும், சில உங்கள் வீட்டில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயம் ஆப்டிகல் வயர். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த இணைப்பு அது. சிடி பிளேயரின் இரண்டு சேனலைக் கடத்துவதற்காகப் பிறந்தது. அமுக்கப்படாத ஒலியை, அதாவது பிசிஎம்மை, அதில் இரண்டு சேனலுக்கு மேல் அனுப்ப முடியாது. எவ்வளவு விலை கொடுத்து எந்த வயர் வாங்கினாலும் இதுதான் கதை. பிறகு டிவிடி காலத்தில் 5.1 படங்களை அதே வயரில் எப்படி அனுப்பினார்கள்? ஆறு சேனலையும் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ அமுக்கி, இரண்டு சேனல் போகும் இடத்துக்குள் மடித்து வைத்து அனுப்பினார்கள். மறுமுனையில் ரிசீவர் பிரித்துக்கொண்டது. உங்கள் வேவ் ஃபைல் மடிக்கப்படாத ஆறு. டிவி அதைத் திறந்து, ஆப்டிகலில் அனுப்ப வழியில்லாமல் இரண்டாகக் கலந்து அனுப்பிவிடுகிறது. நீங்கள் சொன்ன அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது.

ரிசீவரின் யுஎஸ்பி விஷயம் ஏறக்குறைய நிச்சயம், ஆனால் முழு நிச்சயம் இல்லை. முன்பக்கத்தில் 5.1, 7.1 என்று எழுதியிருந்தாலும் அந்த யுஎஸ்பி துளைக்குப் பின்னால் இருக்கும் பாட்டுப் பிளேயர் பெரும்பாலும் இரண்டு சேனலுக்கு மட்டுமே எழுதப்பட்டது. கையேட்டில் வேவ், ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல் வகை) எல்லாம் ஆதரவு உண்டு என்று பெரிதாக இருக்கும். '2 சேனல் மட்டும்' என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஃப்ளாக்கில் 8 சேனல் வரை வைக்கலாம் என்பது அந்த ஃபார்மட்டின் தகுதி. வாசிக்கும் மெஷினுக்கும் அந்தத் தகுதி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கையேட்டை ஒரு தடவை பாருங்கள்.

சரி, இருப்பதை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வழி: ஆறு சேனலையும் டால்பி டிஜிட்டலாக்குங்கள். ஏசி-3 என்பதும் இதுதான். ஆடாசிட்டியில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளின் இணைப்பைப் போட்டால் ஏற்றுமதிப் பட்டியலில் ஏசி-3 வரும். எஃப்எஃப்எம்பெக்கையே நேரடியாகவும் ஓட்டலாம். விநாடிக்கு 640 கிலோபிட் என்று வையுங்கள். அந்த ஃபார்மட்டின் உச்சம் அதுதான். டிவிடியாக எரிக்கப் போகிறீர்கள் என்றால் 448-க்கு மேல் போகக் கூடாது, அது டிவிடியின் வரம்பு. சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். உங்கள் ரெக்கார்டர் 96-இல் பதிவு செய்திருந்தால் முதலில் 48-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், ஏசி-3 அதற்கு மேல் ஏற்காது. ஏசி-3-இன் காப்புரிமைகள் 2017-லேயே முடிந்துவிட்டதால் இலவச மென்பொருள்கள் இதைத் தாராளமாகச் செய்கின்றன. டிடிஎஸ்ஸும் இருக்கிறதே என்றால், அதற்கான இலவச என்கோடர், அதாவது ஒலியை அமுக்கித் தரும் மென்பொருள், இன்னும் பரிசோதனை நிலை என்ற முத்திரையோடுதான் கிடைக்கிறது, நிறைய டிவிகள் அதைத் தொடுவதும் இல்லை. உங்கள் வேலைக்கு ஏசி-3 போதும்.

இங்கே இன்னொரு சின்னச் சிக்கல் வரும். வெறும் ஏசி-3 ஃபைலைப் பல டிவிகளின் பாட்டுப் பட்டியல் காட்டவே காட்டாது. அதே ஒலி ஒரு வீடியோவுக்குள் இருந்தால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு எடுத்த கோபுரப் படம் ஒன்று உங்களிடம் இருக்குமே, அந்த ஒரே படத்தைப் புறப்பாடு முடியும்வரை நிற்கும் வீடியோவாக்கி, ஏசி-3 ஒலியோடு எம்கேவி ஃபைலாகக் கட்டிவிடுங்கள். டிவி அதை சினிமா என்று நினைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

அப்புறம் டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே பிசிஎம் என்று இருந்தால், டால்பி டிஜிட்டலையும் டிவியே பிரித்து இரண்டாக்கித்தான் அனுப்பும். அதை பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ, ஆட்டோ என்று உங்கள் டிவி எந்தப் பெயர் வைத்திருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். மாற்றிவிட்டு ஸ்பீக்கரைக் கேட்காதீர்கள், முதலில் ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். டால்பி டிஜிட்டல் என்று எழுத்து வந்தால் ஆறும் வந்து சேர்ந்துவிட்டது. பிசிஎம் என்றோ ஸ்டீரியோ என்றோ வந்தால் வழியில் யாரோ பிரித்துவிட்டார்கள். காதை ஏன் நம்பக் கூடாது என்கிறேன் என்றால், ரிசீவரில் ஆல் சேனல் ஸ்டீரியோ, ப்ரோலாஜிக் மாதிரி மோடுகள் இருக்கும். இரண்டு சேனல் வந்தாலும் அவை பின் ஸ்பீக்கரில் எதையாவது ஓட்டும். 'ஆஹா, வந்துவிட்டது' என்று நினைத்து ஆறு மாதம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

இதற்கு ஒரே மருந்து குரல் சோதனை. நாதஸ்வரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிட ஃபைல் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு சேனலிலும் அதன் பெயரை உங்கள் குரலிலேயே சொல்லிப் பதியுங்கள்: முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேசக் கூடாது. சப்வூஃபருக்குப் போகும் சேனலில் பேச்சு எடுபடாது, 120 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் ஒன்றும் போகாது என்பதால் ஏதோ பக்கத்து வீட்டில் யாரோ முனகுவது மாதிரிதான் கேட்கும். அங்கே 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை வைத்துவிடுங்கள். இந்த ஃபைலை மேலே சொன்ன வழியில் அனுப்பி, சோபாவில் உட்கார்ந்து, குரல் சொல்லும் இடத்திலிருந்தே குரல் வருகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை பொய் சொல்லாது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு அவமானத்தில். ஒரு மிக்ஸைப் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினேன். பாடகரின் குரல் வலது ஸ்பீக்கரில் நின்று பாடுகிறது. பின் இடதில் இருக்க வேண்டிய வயலின்கள் சப்வூஃபருக்குள் போய் இருமுகின்றன. என் மனைவி 'இதுக்குத்தான் ராத்திரி பகல் வேலையா?' என்று கேட்டார். நடந்தது இதுதான்: சினிமா மிக்ஸிங்கில் சேனல் வரிசை இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, சப். வேவ், ஃப்ளாக் ஃபைல்களில் வரிசை இடது, வலது, நடு, சப், பின் இடது, பின் வலது. நான் முதல் வரிசையில் அடுக்கியதை பிளேயர் இரண்டாவது வரிசையில் படித்தது. டால்பி டிஜிட்டல் தனக்குள்ளே சினிமா வரிசையைத்தான் வைத்துக்கொள்கிறது, ஆனால் என்கோடர் அதைத் தானே மாற்றிக்கொள்ளும். நீங்கள் கொடுக்கும் வேவ் ஃபைல் வேவ் வரிசையில் சரியாக இருந்தால் போதும். ஆடாசிட்டியில் ஏற்றுமதி செய்யும்போது சேனலை நீங்களே கோடு இழுத்துப் பொருத்தும் ஒரு பெட்டி வரும். தவறு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். மூன்றாவது நடு, நான்காவது சப் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை, என் மானிட்டரில் இன்னும் இருக்கிறது.

உங்கள் பதிவு உண்மையில் நான்கு சேனல்தான்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அதை நான்கு சேனல் ஃபைலாகவே வைத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். நான்கு சேனல் என்றால் என்ன என்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஃப்ளாக்கைப் பொறுத்தவரை முன் இரண்டு, பின் இரண்டு. எஃப்எஃப்எம்பெக்குக்கு எந்தக் குறிப்பும் இல்லாத நான்கு சேனல் கிடைத்தால் முன் இரண்டு, நடு ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். அப்போது உங்கள் பின் இடது மைக் முன்னால் நடு ஸ்பீக்கரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் எந்த சேனல் எந்த ஸ்பீக்கருக்கு என்று குறிக்க இடம் உண்டு, ஆனால் எல்லா மென்பொருளும் அதை நிரப்புவதில்லை. அதனால் நீங்கள் ஆறாகச் செய்ததே சரி. நடு, சப் இரண்டையும் மௌனமாக விட்டுவிடுங்கள். ஆறு சேனல் ஃபைலை எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொள்கிறார்கள்.

சப் சேனலை மௌனமாக விடச் சொன்னதும் 'தவிலின் அடி போய்விடுமே' என்று கவலை வரும். போகாது. இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சப்வூஃபர் என்கிற பெட்டியும், ஃபைலில் இருக்கும் சப் சேனலும் ஒன்றல்ல. ரிசீவரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்திருந்தால், முன் சேனல்களில் இருக்கும் தாழ்ந்த ஒலியை, வழக்கமாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, ரிசீவரே எடுத்து சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். தவிலில் கோலால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் கும்கி என்கிற தாழ்ந்த அதிர்வு அப்படித்தான் போய்ச் சேர வேண்டும். விரல் கூடு போட்டு அடிக்கும் வலந்தலையின் வெட்டு முன் ஸ்பீக்கரிலேயே நிற்கும். இரண்டும் ஒரே தவில், ஒரே இடத்திலிருந்து வருவது மாதிரி கேட்க வேண்டும் என்றால் இதுதான் வழி. ஃபைலின் சப் சேனல் சினிமாவின் வெடிச் சத்தத்துக்காக வந்தது. அதில் எழுதுவதை ரிசீவர் மற்ற சேனல்களைவிட 10 டெசிபெல் உயர்த்தி ஒலிக்கும். தவிலின் நகல் ஒன்றை அங்கேயும் வைத்தால் மண்டபம் இடிந்து விழுவது மாதிரி இருக்கும். தவிர, அதே ஃபைலை யாராவது செல்போனில் கேட்டால், இரண்டு சேனலாகக் கலக்கும்போது சப் சேனலைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நடு ஸ்பீக்கர் காலியாக இருப்பது பற்றி என் அபிப்பிராயம் மட்டும் சொல்கிறேன். நாதஸ்வரத்தை வலுக்கட்டாயமாக நடுவில் நகலெடுத்து வைக்காதீர்கள். உங்கள் முன் மைக் இரண்டும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை, அவற்றின் நடுப்படம் தானாகவே உறுதியாக நிற்கும். மூன்றாவது ஸ்பீக்கர் சேர்ந்தால் அகலம் சுருங்கிவிடும். வீட்டில் கிழக்குப் பக்கம் ஒருவர், மேற்குப் பக்கம் ஒருவர் என்று தள்ளித் தள்ளி உட்கார்ந்து கேட்பார்கள் என்றால் மட்டும் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

இனி தரம். உங்கள் வேவ் ஃபைல் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஆறு சேனலுக்கும் சேர்த்து விநாடிக்கு 6,912 கிலோபிட். அதை 640-க்கு அமுக்குகிறோம், ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. இழப்பு உண்டா? உண்டு. கேட்குமா? என் வீட்டு ஹாலில், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது, 640-இல் எனக்குத் தெரியவில்லை. 448-இல் ஜால்ராவின் மினுக்கு கொஞ்சம் மங்குவது மாதிரி தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை பந்தயம் கட்டச் சொன்னால் கட்ட மாட்டேன். நடுவும் சப்பும் காலி என்பதால் உங்கள் நான்கு சேனலுக்கு இன்னும் தாராளமாகவே இடம் கிடைக்கும். மூல வேவ் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஏசி-3-ஐப் பந்திக்கு எடுத்துப்போகும் கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அண்டா வீட்டிலேயே இருக்கட்டும்.

என்கோட் செய்யும்போது டயலாக் நார்மலைசேஷன் என்று, சத்தத்தின் அளவை ரிசீவருக்குச் சொல்லும் ஒரு எண் கேட்டால் -31 என்று கொடுங்கள். -27 என்று விட்டால் ரிசீவர் 4 டெசிபெல் குறைத்து ஒலிக்கும். 'டால்பியாக்கினால் சத்தம் குறைகிறதே' என்று நீங்கள் மறுபடி கேள்வி எழுத வேண்டிவரும். ரிசீவரில் நைட் மோடு மாதிரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியின் ஏற்ற இறக்கத்தை அது சமமாகத் தட்டிவிடும்.

அமுக்கவே மனசில்லை என்றால் எச்டிஎம்ஐ. 2002 டிசம்பரில் வந்த முதல் பதிப்பிலேயே 8 சேனல் பிசிஎம்முக்கு அதில் இடம் உண்டு. லேப்டாப்பை ரிசீவரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் நேராகச் செருகி, விண்டோஸில் அந்த சவுண்ட் சாதனத்தை 5.1 என்று அமைத்து, விஎல்சி மாதிரி ஏதாவதில் வேவ் ஃபைலை அப்படியே ஓட்டலாம். நேராக என்பதை அழுத்திச் சொல்கிறேன். லேப்டாப்பை டிவியில் செருகி, டிவி வழியாக ரிசீவருக்குக் கொண்டுபோனால், லேப்டாப் டிவியைத்தான் விசாரிக்கும். டிவி 'எனக்கு இரண்டு ஸ்பீக்கர்' என்று சொல்லும், விண்டோஸ் 5.1 என்ற தேர்வையே காட்டாமல் போகலாம். டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வரும் ஏஆர்சி வழியும் ஆப்டிகல் மாதிரிதான், பிசிஎம் என்றால் இரண்டு. 2017-இல் எச்டிஎம்ஐ 2.1-ஓடு வந்த ஈ-ஏஆர்சியில்தான் அந்தத் தடை நீங்கியது; அதற்கு டிவி, ரிசீவர் இரண்டிலும் ஈ-ஏஆர்சி இருக்க வேண்டும். லேப்டாப்பிலிருந்து ஆப்டிகல்தான் போக முடியும் என்ற நிலை வந்தால் கோடி என்ற பிளேயரைப் பாருங்கள். எந்த ஆறு சேனல் ஃபைலையும் ஓடும்போதே டால்பி டிஜிட்டலாக்கி அனுப்பும் வசதி அதன் அமைப்புகளில் இருக்கிறது. ப்ளூடூத்தில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வழக்கமான ப்ளூடூத் பாட்டு இணைப்பில் இரண்டுதான்.

கடைசியாக ஒரு வாய்ப்பு, உங்கள் கேள்வியில் 'ரிசீவர்' என்று எழுதியிருந்தாலும் கேட்டுவைக்கிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கும் 5.1 மல்டிமீடியா செட்டுகளில் பலவற்றில் டால்பி பிரிக்கும் வேலையே கிடையாது. யுஎஸ்பி, எஃப்எம், ப்ளூடூத் எதில் போட்டாலும் முன்னால் வருவதன் நகல்தான் பின்னாலும் வரும். உங்களுடையது அந்த வகை என்றால் மேலே சொன்ன ஏசி-3 வித்தை பலிக்காது. ஆனால் அவற்றின் முதுகில் ஒரு சேனலுக்கு ஒன்றாக ஆறு ஆர்சிஏ துளைகள் (வட்டமான ஆடியோ பின் செருகும் இடங்கள்) இருந்தால் கதை வேறு, அதுவும் நல்ல கதை. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று துளைகள் இருக்கும்: பச்சை முன் இரண்டு, கறுப்பு பின் இரண்டு, ஆரஞ்சு நடுவும் சப்பும். மூன்று சாதாரண ஸ்டீரியோ வயர் வாங்கி இணைத்தால் ஆறு சேனலும் ஆறாகவே போய்ச் சேரும், எந்த என்கோடரும் வேண்டாம். ஆரஞ்சில் மட்டும் நடுவும் சப்பும் இடம் மாறி வரலாம். வந்தால் அந்த இரண்டு பின்னை மாற்றிச் செருகுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் பின் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் நிறையக் கேட்டால் கம்பியையோ ஃபைலையோ குறை சொல்ல வேண்டாம். ஒரு கைப்பிடிக்குள் நான்கு மைக் இருக்கும்போது முன்னால் வாசிப்பது பின் மைக்கிலும் விழத்தான் செய்யும். பின் சேனலை 3 முதல் 6 டெசிபெல் வரை படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் நாதஸ்வரம் முன்னால் நகர்ந்து, பின்னால் கூட்டமும் பிரகாரத்தின் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். அந்த எண் எது என்பதை உங்கள் ஹாலில் உட்கார்ந்து நீங்கள்தான் முடிவு செய்ய முடியும்.

முதலில் குரல் சோதனை ஃபைலை ஓட்டிவிட்டு, அப்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்பதையும் மாடல் எண்ணையும் எழுதுங்கள். அங்கிருந்து பார்ப்போம்.